மானுக்கு எத்தனை கஜம்?

ரங்கூனின் கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குக் கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் திறந்தவெளி வேட்டை மேம்பாட்டு அலுவலகம் இருந்தது. நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவரும் வேட்டைக்குப் போனதில்லை. அலுவலகத்தில் துப்பாக்கி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பாசி பிடித்த சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனாலும் ஆண்டறிக்கை ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷ அறிக்கை, அலுவலகத்தின் இடைவிடாத கண்காணிப்பால் அந்த ஆண்டு வேட்டையில் விபத்து எதுவும் நேரவில்லை என்று பெருமையோடு முடிந்திருந்தது.

அந்த வரியை எழுதியவர் ஜெபதாஸ். கீழ்நிலை எழுத்தர், இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் வரும். குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டு, இயக்குநரின் மனைவி வாங்கிய முகப்பூச்சின் உபயோகக் குறிப்பு, எல்லாவற்றையும் பர்மிய மொழியில் பெயர்த்து, தேதியிட்டு, கோப்பில் வைத்துக் கொடுப்பார்.

வீடு பசுந்தாங்கில், கால்வாயை ஒட்டிய குடியிருப்பின் நாலாவது மாடியில். மனைவி ரோஸ்லின். ஒரே மகள் ஏஞ்சலா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. படிப்புக்கு மனுப் போட வேண்டுமானால் குடியுரிமை அட்டை வேண்டும். அதற்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பதிவு அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதர் வழி சொன்னார். தகப்பனார் அரசாங்க ஊழியர் என்று அலுவலகத் தலைவர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் கோப்பு நகரும் என்றார்.

ஜெபதாஸ் அந்தக் கடிதத்தைத் தானே எழுதி, தட்டச்சடித்து, இயக்குநர் ஊ ஞோ வின்னின் மேஜையில் வைத்தார். அது ஜூன் மாதம். அக்டோபரிலும் அது அங்கேயே, கண்ணாடிக் குண்டுக்கு அடியில், கையெழுத்துக்கு இடம் விட்டபடி கிடந்தது.

அக்டோபர் கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பெரியவர் ஒருவர் ஜனவரியில் நாட்டின் நடுப்பகுதிச் சமவெளியில் மான் வேட்டைக்குப் போகிறார். மரமில்லாத பொட்டல் ஆகையால் கண் மதிப்பு ஏமாற்றும். மான் எத்தனை கஜத்தில் நிற்கிறது என்று லேசர் ஒளியால் அளந்து சொல்லும் தூரமானி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புக.

அலுவலகம் துவங்கியதிலிருந்து அதற்கு வந்த முதல் வேலை அதுதான். அதிர்ச்சியில் இரண்டு நாள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தூரமானித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். வேட்டை நிபுணர், ஓய்வு பெற்ற மேஜர் ஊ பா த்வே. இவர் ராணுவத்தில் முப்பது வருஷம் பூட்ஸ் கிடங்கைக் காத்தவர், ஒரு ஜோடிகூடத் தொலைத்ததில்லை. செயலாளர் ஜெபதாஸ்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நிற்காமலே உரையாற்றினார்.

"ஒரு அலுவலகத்தோட மதிப்பு, அது எவ்வளவு தூரம் பார்க்குதுங்கிறதுல இருக்கு. பதினோரு வருஷமா நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்ல. அதனாலதான் எனக்கு இவ்வளவு தூரம் தெரியுது. வெளியே அலையுறவனுக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் தெரியும்."

மேஜர் கை தட்டினார். ஜெபதாஸ் அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "சயாஜி, அந்தக் கடிதம்..." என்று மெல்ல ஆரம்பித்தார். பெரிய அதிகாரிகளைச் சயாஜி என்றுதான் கூப்பிட வேண்டும்; மற்ற ஆண்களுக்குப் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ஊ போதும்.

"குழு வேலை முடியட்டும், ஊ ஜெபதாஸ். ரெண்டு கையெழுத்தையும் ஒண்ணாப் போட்டுடலாம்," என்றார் இயக்குநர்.

அன்று சாயங்காலமே ஜெபதாஸ் முகல் தெருவுக்குப் போனார். அங்கே பர்கத்துல்லா என்பவர் மூக்குக் கண்ணாடி, கேமரா, பைனாகுலர் விற்கும் கடை வைத்திருந்தார். ஜெபதாஸின் கண்ணாடிக்குப் பதினைந்து வருஷமாகக் காது மாற்றிக் கொடுப்பவர் அவர்தான்.

"மானா? உங்க ஆபீஸா?" என்று பர்கத்துல்லா இரண்டு தடவை கேட்டார். பிறகு எல்லைப் பக்கம் சொல்லி அனுப்பி, பத்து நாளில் மூன்று கருவிகளை வரவழைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

"அண்ணே, பெட்டியில போட்டிருக்கிற நம்பரை நம்பாதீங்க. வெள்ளையில ஆயிரம் கஜம்னு போட்டிருக்கான். அது எதுக்கு? மினுமினுன்னு இருக்கிற தகரத்துக்கு, கண்ணாடிச் சுவத்துக்கு. மான் தோலு ஒளியைக் குடிச்சுப்புடும். பாதிகூட வராது."

"அப்ப எதை வாங்குறது பாய்?"

"பச்சையை வாங்குங்க. பெட்டியில அறுநூறுதான் போட்டிருக்கு. ஆனா மானுக்கு நானூறு நிச்சயம் வரும். இன்னொண்ணு கேட்டுக்கங்க. வெள்ளை கோல்ஃப் ஆடுறவங்களுக்குச் செஞ்சது. முன்னாடி எது இருக்கோ அதைத்தான் அளக்கும். கொடிக்கம்பம் முன்னால, மரம் பின்னால, அவங்களுக்கு அது சரி. வேட்டையில முன்னால முள்ளுச் செடி நிக்கும், பின்னாலதான் மான் நிக்கும். வெள்ளை செடியை அளந்து சொல்லிப்புடும். பச்சை செடியைத் தள்ளிட்டு அந்தாண்டை இருக்கிறதைப் பார்க்கும்."

"வேற?"

"வெள்ளையில எழுத்துக் கறுப்பு. வெயில் சாஞ்சா தெரியாது. பச்சையில சிவப்பா எரியும்." பர்கத்துல்லா குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இதை நீங்க அவங்ககிட்ட சொல்லத்தான் போறீங்களா?"

ஜெபதாஸ் சொன்னார். சொன்னது மட்டுமில்லை, பதினான்கு பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணையும் போட்டு, மூன்று பிரதி எடுத்து வைத்தார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் ஆசையோடு எழுதிய முதல் அறிக்கை அதுதான். முதல் தடவையாக அவர் எழுதியதில் உண்மை இருந்தது.

மேஜர் அட்டவணையைத் திறக்கவில்லை. மூன்று பெட்டிகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"ஆயிரம், எண்ணூறு, அறுநூறு. நம்ம பெரியவருக்கு அறுநூறு கஜக் கருவியா? வெளியே தெரிஞ்சா?"

"மானுக்குன்னு பார்த்தா பச்சைதான் சயாஜி தூரம்..."

"மான் யாரு ஊ ஜெபதாஸ்? இந்தக் கருவியை மான் வாங்கப் போகுதா, பெரியவர் வாங்கப் போறாரா?"

சோதித்துப் பார்க்கலாம் என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். எங்கே சோதிப்பது என்பதில் மூன்று வாரம் போனது. மொட்டைமாடியிலிருந்து எதிரே பார்த்தால் ஓர் அமைச்சகம். அதை நோக்கி எதையும் நீட்டக் கூடாது. தெற்கே ஆறு, அங்கே கப்பல்கள் நிற்கும், அதுவும் கூடாது. வடக்கே பகோடா, அதை நோக்கி நீட்டினால் பாவம். பூங்காவில் மக்கள் நடமாட்டம். மக்களின் தூரத்தை அளக்கத் தனி அனுமதி வேண்டும். கடைசியில் அலுவலகத்தின் நடைபாதையிலேயே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அளந்தார்கள். மூன்று கருவிகளும் முப்பத்தொன்று என்று காட்டின.

"மூணும் சமம். அப்படின்னா பெட்டி நல்லா இருக்கிறதை வாங்கிடலாம்," என்றார் மேஜர்.

இங்கே ஜெபதாஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். பதினான்கு பக்கம் எழுதிய கை சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று, "சயாஜி, நம்ம அலுவலகத்தின் பெயரிலேயே திறந்தவெளி இருக்கு. ஒரு தடவை திறந்தவெளியில் வைத்துப் பார்த்தால் என்ன?" என்றார்.

பெயரை வைத்துப் பேசிவிட்டதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

டிசம்பர் முதல் வாரம், கியாக்தானைத் தாண்டி, அறுப்பு முடிந்த வயல்வெளிக்கு ஒரு வேனில் போனார்கள். இயக்குநர் அறைச் சுவரில் மாட்டியிருந்த மான் தோலையும் கழற்றி எடுத்து வந்திருந்தார்கள். பூச்சி அரித்து ஆங்காங்கே வழுக்கை விழுந்த தோல். அதை எதன் மேல் போர்த்துவது என்ற கேள்வி வயலில் இறங்கிய பிறகுதான் எழுந்தது.

மேஜர் ஜெபதாஸை மேலும் கீழும் பார்த்தார். "மானோட உயரம் நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. நீங்க முட்டியில கைவச்சுக் குனிஞ்சா சரியா வருவீங்க."

"நான் செயலாளர் சயாஜி. குறிப்பு எடுக்கணுமே?"

"மான் என்ன குறிப்பு எடுக்குது? நாங்க சொல்றதை அப்புறமா எழுதிக்கலாம்."

ஜெபதாஸ் இடுப்பிலிருந்த லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோலை முதுகில் போர்த்திக்கொண்டு, வெயிலில் நடந்தார். நூறு கஜத்துக்கு ஒரு கொடி நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கொடியிலும், இடையிடையேயும் பக்கவாட்டில் திரும்பி, குனிந்து நிற்க வேண்டும். கரையில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வேலையை நிறுத்திவிட்டு வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். குடித்தார். "நீங்க என்ன?" என்று கேட்டாள். "அரசாங்க ஊழியர்," என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளைக் கருவி அவரை இருநூற்று அறுபது கஜம் வரைதான் கண்டது. அதற்கு மேல் வெறும் கோடு காட்டியது. கறுப்பு முந்நூறு. பச்சை நானூற்று இருபது கஜத்திலும் துல்லியமாகச் சொன்னது. பர்கத்துல்லா சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்தது. திரும்பி வந்து முடிவைக் கேட்ட ஜெபதாஸுக்கு முதுகு வலியெல்லாம் பறந்துவிட்டது.

இயக்குநர் முகத்தில்தான் களையில்லை. ஜெபதாஸைத் தனியே அழைத்துப் போனார்.

"ஊ ஜெபதாஸ், ஆயிரம் கஜக் கருவி வருதுன்னு போன வாரமே நான் மேலே எழுதிட்டேன். இப்ப நானூறுன்னு சொன்னா, மீதி அறுநூறு கஜத்தை யார் தின்னதுன்னு கேட்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

மேஜர் அதற்குள் தீர்வு கண்டுவிட்டார். "கருவியில குறையே இல்ல. மான்லதான் குறை. மான் சரியா மின்னல."

வேனின் பின்பக்கத்தில் கிடந்த கூரைத் தகரம் ஒன்றை எடுத்து, தோலுக்கு மேலே, ஜெபதாஸின் விலாவோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். அவர் மறுபடி நடந்தார். நானூறு, அறுநூறு, எண்ணூறு. ஆயிரமாவது கஜத்தில் கொடி தீர்ந்துபோயிருந்தது. ஒரு வரப்பில் நின்று குனிந்தார். தகரம் வெயிலில் பழுத்துச் சுட்டது. தூரத்தில் குழுவும் வேன் டிரைவரும் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தார்கள். புள்ளிகள் கை தட்டுவது போலவும் இருந்தது. வேறு உத்தரவு வரும் என்று குனிந்தபடியே காத்திருந்தார். சற்று நேரத்தில் புள்ளிகளைக் காணோம். வேனையும் காணோம்.

தோலையும் தகரத்தையும் அலுவலகச் சொத்து என்பதால் விட்டுவிட்டு வர முடியவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு கியாக்தான் வரை நடந்து, பஸ் பிடித்தார். கண்டக்டர் தகரத்துக்குத் தனி டிக்கெட் கேட்டான்.

மறுநாள் ஜெபதாஸ் சோதனை அறிக்கையை எழுதினார். 'மான் தகரம் அணிந்திருக்கும் பட்சத்தில் வெள்ளைக் கருவி ஆயிரம் கஜம் வரை அளக்கும்' என்று முடித்திருந்தார். இயக்குநர் சிவப்புப் பேனாவால் முதல் நான்கு சொற்களை அடித்தார்.

"தகரம்னு எழுதினா படிக்கிறவங்க மனசு புண்படும்."

பிறகு கண்ணாடிக் குண்டை நகர்த்தி, அடியிலிருந்த பரிந்துரைக் கடிதத்தை எடுத்து, அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. அறிக்கையில் ஜெபதாஸின் இடம். கடிதத்தில் இயக்குநரின் இடம். இயக்குநர் தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

ஜெபதாஸ் போட்டார். இயக்குநரும் போட்டார். இரண்டு கையெழுத்துக்கும் ஒரே மை.

வீட்டுக்கு வந்து ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடிதத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அந்த மிஷினு சரியில்லன்னா மான் பிழைச்சுக்கும்தானே?" என்று கேட்டாள்.

"பிழைச்சுக்கும்."

"அப்ப என்னங்க பாவம்? உசுரு ஒண்ணு தப்பிக்குது. சாப்பிட வாங்க."

கடிதத்தை வைத்து ஏஞ்சலாவின் மனு மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போனது. நர்ஸ் படிப்புக்கு மே கடைசி வரை மனுப் போடலாம். அந்த ஒரு மாதம் பசுந்தாங் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துப் பேசினார்கள்.

ஜனவரியில் கருவியை இயக்கத் தெரிந்தவர் என்று ஜெபதாஸையும் வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பகல் முழுக்க ரயில், பிறகு லாரி. அப்படியொரு வெளியை அவர் பார்த்ததே இல்லை. காய்ந்த புல், அங்கங்கே முள்செடி, அதற்கப்பால் வானம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குட்டையான, அமைதியான மனிதர். பின்னால் இயக்குநர், மேஜர், இன்னும் முப்பது பேர்.

வெயில் சாயும் வேளையில் ஒரு மான் வந்து நின்றது. நல்ல கொம்பு. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, திரும்பாமலே, "எத்தனை?" என்று கேட்டார்.

ஜெபதாஸ் வெள்ளைக் கருவியைக் கண்ணில் வைத்து அழுத்தினார். உள்ளே எண் மங்கலாகத் தெரிந்தது. நூற்று முப்பத்தெட்டு. மானுக்கு முன்னால், நேர் வரிசையில், ஒரு முள்செடி நின்றுகொண்டிருந்தது. கருவியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். தோல் போர்த்திக்கொண்டு கொடி கொடியாக நின்ற உடம்பு அது. முந்நூறு கஜம் எப்படியிருக்கும் என்று அதற்குத் தெரியும்.

மகளின் மனுவை நினைத்தார். கையெழுத்தை நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"முந்நூறு, சயாஜி."

"கருவி என்ன சொல்லுது?" என்றார் பெரியவர்.

"நூத்தி முப்பத்தெட்டு."

பின்னாலிருந்து இயக்குநர் பாய்ந்து வந்தார். "கருவி தவறவே தவறாது. சோதனை செஞ்சு கையெழுத்துப் போட்டது. போட்டதே இவர்தான்."

பெரியவர் நூற்று முப்பத்தெட்டுக்கு வைத்துச் சுட்டார். குண்டு மானின் வயிற்றுக்குக் கீழே புழுதியைக் கிளப்பியது. மான் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடக்கூடச் செய்யாமல், நடந்து போனது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ரங்கூன் திரும்புகிற வழி முழுக்க முப்பது பேரும் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேடினார்கள்.

பிப்ரவரியில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மேஜர். குற்றம் சாட்டப்பட்டவர் ஜெபதாஸ். விசாரணையை எழுத அலுவலகத்தில் வேறு யாருக்கும் வராததால் செயலாளரும் ஜெபதாஸ்தான். இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து கேள்வியை எழுதிவிட்டு, எழுந்து போய் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, திரும்ப வந்து அதை எழுத வேண்டும். இரண்டாம் நாள் முதுகு வலி தாங்காமல், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்ய அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். விதியில் இடமில்லை என்று மனு நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்பையும் அவரே எழுதினார்.

"உங்க பதிலெல்லாம் நல்லா இருக்கு," என்றார் மேஜர். "ஆனா கேள்விகள் ரொம்ப மென்மையா இருக்கு. குற்றவாளிக்குச் சலுகை காட்டுற மாதிரி ஆயிடும். கொஞ்சம் கடுமையா கேளுங்க."

ஜெபதாஸ் கடுமையாகக் கேட்டார். 'அரசாங்கம் அங்கீகரித்த கருவி ஒரு தூரத்தைச் சொல்லும்போது, வேறொரு தூரத்தை உமது கண் எந்த அதிகாரத்தின் பேரில் கண்டது?' என்ற கேள்வியை மேஜர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

முடிவுரையை மேஜரே சொல்ல, ஜெபதாஸ் எழுதினார். மான் முதலில் நூற்று முப்பத்தெட்டு கஜத்தில்தான் நின்றிருந்தது. எழுத்தர் நேரங்கெட்ட நேரத்தில் முந்நூறு என்று உரக்கச் சொன்னதால் அது முந்நூறு கஜத்துக்குப் போய்விட்டது. ஆகவே கருவி குற்றமற்றது.

நல்ல பிரதி எடுக்கும் நாளில் முதுகு வலியால் அவரால் உட்கார முடியவில்லை. காகிதக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏஞ்சலா தானே எழுதித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். தமிழைவிட அவளுக்குப் பர்மிய எழுத்து அழகாக வரும். இரண்டு மாலை உட்கார்ந்து முப்பத்தாறு பக்கம் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டு, "இந்த ஊ ஜெபதாஸ் ரொம்ப மோசமான ஆளா இருக்காரேப்பா," என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் மாதம் ஜெபதாஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வூதியமும் போனது. உத்தரவைக் கையில் கொடுத்தபோது இயக்குநருக்கு உண்மையிலேயே வருத்தம். "இந்த அலுவலகத்துல இப்படி ஒரு விசாரணை அறிக்கை வந்ததே இல்ல. உங்களை இழக்கிறது எங்களுக்குப் பெரிய நஷ்டம்," என்றார். பிறகு பக்கங்களைப் புரட்டி, "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார்.

"என் மகள், சயாஜி."

"முத்து முத்தா இருக்கு. உங்க நாற்காலி காலியாத்தானே கிடக்கும்? அனுப்பி வையுங்க. தினக்கூலிக்குக் குடியுரிமை அட்டை வேண்டாம். கை இருந்தா போதும்."

வீட்டில் ரோஸ்லின் முதலில் கூடவே கூடாது என்றாள். பிறகு அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். அட்டை வரும்வரைதானே, மே மாதத்துக்குள் வந்துவிட்டால் நின்றுவிடலாம் என்று ஏஞ்சலாவே சமாதானம் சொன்னாள். ஏப்ரலில், பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், டிபன் கேரியரோடு சூலே பஸ்ஸில் ஏறினாள். ஜெபதாஸ் பஸ் நிறுத்தம் வரை போய், எந்தப் படியில் ஏற வேண்டும், எந்த அலமாரிக் கதவு ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

திருவிழா முடிந்து அலுவலகம் திறந்த மூன்றாம் நாள் அவள் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். அம்மா மொஹிங்கா நூடுல்ஸை எடுத்து வைத்தும் தொடவில்லை.

"பதிவு ஆபீஸ்லருந்து நம்ம ஆபீஸுக்கு லெட்டர் வந்திருக்குப்பா. என் மனுவைப் பத்தி. கோப்பு கடைசி மேஜைக்கு வந்துருச்சாம். ஒரே ஒரு விஷயம் உறுதி செய்யச் சொல்றாங்க. மனுதாரரோட அப்பா இப்பவும் வேலையில இருக்காரான்னு."

"யார்கிட்ட குடுத்தாங்க?"

"தபாலுக்குப் பதில் எழுதுறது என் மேஜைதானே?"

ஜெபதாஸ் எழுந்து கால்வாய்ப் பக்க ஜன்னலைச் சாத்தப் போனார். படகிலிருந்து யாரோ வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கார்னு எழுதிடேன்ம்மா. நீதானே எழுதுறே? சயாஜி படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவார்."

"மேஜர் விசாரணை அறிக்கையையும் கூட வச்சு அனுப்பச் சொல்லிட்டார்ப்பா. அவங்களுக்கு முழு விவரம் தெரியணுமாம். நான் எழுதினதுதான், அந்த முப்பத்தாறு பக்கம்."

ரோஸ்லின் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

ஏஞ்சலா காகிதத்தை நீட்டினாள். மூன்று வரிப் பதில். மனுதாரர் ஏஞ்சலாவின் தந்தை தற்போது அரசுப் பணியில் இல்லை எனவும், ஆகவே இவ்வலுவலகத்தின் பரிந்துரை செல்லாது எனவும் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.

"நாளைக்குத் தபால்ல போகணும். தப்பு இருந்தா மேஜர் கத்துவார். பார்த்துக் குடுங்கப்பா."

ஜெபதாஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது வரியில் ஓரிடத்தில் பர்மிய எழுத்துக்குக் கீழே வர வேண்டிய அடிப்புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டினார். அவள் பேனாவைத் திறந்து புள்ளியை வைத்தாள்.

"மத்தபடி?"

"மத்தபடி சரியா இருக்கும்மா," என்றார் ஜெபதாஸ்.